ஒழுகலார் வாங்கிய ரிமோட்

ஒழுகலாருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இருபத்தைந்து வருஷமாக எந்த மொட்டைமாடியில் தண்ணீர் இறங்கினாலும் ஏறிப்போய், "இதோ, இந்த விரிசல்தான்" என்று விரல் வைத்துச் சொல்கிற மனுஷருக்கு அந்தப் பெயர் எதற்கு? வீட்டுக்காரம்மாவே போனை எடுத்தால், "ஒழுகலார் குளிச்சிட்டிருக்கார்" என்றுதான் சொல்வாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏணி வழுக்கியது. இடுப்பெலும்பு போச்சு. நாலு மாசம் படுத்த படுக்கை. அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், நாளைக்கு எண்பது பேர் கையில் ஊசி ஏற்றுகிறவள். அப்படிப்பட்டவள் அன்றைக்குப் பதினொரு தடவை போன் போட்டிருக்கிறாள். விழுந்த வேகத்தில் தெறித்த அவர் போன் செடிக்குள் கிடந்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் யாரோ சொல்லி, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். நாலு மாசமும் முகம் சுளிக்காமல் எல்லாம் செய்தாள். அவர் எழுந்து நடந்த முதல் நாள், மாத்திரையை நீட்டிக்கொண்டே தீர்ப்பையும் சொன்னாள்.

"இனிமே தரையை விட்டு ஒரு கால் மேல போச்சு, தொழிலை மூட்டை கட்டிடணும். எங்கண்ணன் கடையில போய் உக்காந்துடுங்க."

அண்ணன் வைத்திருப்பது பிளாஸ்டிக் வாளிக் கடை. ஒழுகலை நிறுத்துகிறவரை ஒழுகுகிற வீட்டுக்கு வாளி விற்கச் சொன்னால் அது என்ன நியாயம்? போதாக்குறைக்கு அந்த மச்சான் வாயைத் திறந்தால் மூடுகிற ஆளும் இல்லை.

அப்போதுதான் டிரோன் யோசனை வந்தது. கேமராவை மேலே அனுப்பு, நீ கீழே நில், மாடி முழுக்கப் பார். பெண்டாட்டி சொல்லும் பிழைக்கும், தொழிலும் பிழைக்கும்.

புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடைக்குப் போனார்கள். டிரோன் எது என்று ஐந்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. ரிமோட்டில்தான் வந்தது வினை. விற்பனைக்காரர் மூன்று வகை எடுத்து வைத்தார்.

முதலாவது, கண்ணை மூடிக் கட்டிக்கொள்கிற கண்ணாடி. மாட்டிக்கொண்டால் நாமே பறக்கிற மாதிரி இருக்குமாம். இருந்தது. விற்பனைக்காரர் வாசலில் டிரோனைக் கிளப்பினாரோ இல்லையோ, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒழுகலார் "ஐயோ, பிடிங்க, பிடிங்க!" என்று சார்ஜர் வாங்க வந்த ஒருவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாத அந்த மனுஷர், "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

இரண்டாவது, திரை கூடவே வருகிற ரிமோட். கொளுத்துகிற வெயிலில் வைத்துப் பார்த்தாலும் எதிர்க் கட்டடத்து மாடியில் காய்கிற துணியின் கட்டம் தெரிந்தது. ஒழுகலார் அதைக் கையில் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

"இதுல போன் பேசலாமா?" என்றாள் மனைவி.

"இல்லீங்கம்மா. இது பறக்க விடறதுக்கு மட்டும்தான்."

"அப்ப இவர் போன் எங்க இருக்கும்?"

"பையில இருக்கும்."

"பையில இருந்தா இவர் எடுக்க மாட்டார். அது என்ன, மூணாவது?"

மூன்றாவது, நம் போனையே நடுவில் மாட்டிக்கொள்கிற ரிமோட். போன்தான் திரை. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"போன் கண்ணு முன்னாடியே இருக்கும்ல? இதையே குடுங்க."

"ஏம்மா, வெயில்ல இது ஒண்ணும் தெரியாதும்மா. என் மூஞ்சிதான் தெரியும்" என்றார் ஒழுகலார்.

"தெரியட்டுமே. நல்லாத்தான இருக்கு."

விற்பனைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "பறக்கும்போது மட்டும் போன் கால் வராம அடைச்சு வைக்க ஒரு வழி இருக்கு சார்..." என்று ஆரம்பித்தார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நரம்பு எங்கே இருக்கிறது என்று தேடுகிற பார்வை. அவர் வாயை மூடிக்கொண்டு மூன்றாவதைப் பெட்டியில் வைத்துக் கட்டினார்.

முதல் வேலை ஓர் அச்சகத்தில். இரண்டு மாடி உயரம், மேலே தட்டையான காங்கிரீட் தளம், போக மாடிப்படி கிடையாது. சுவரோடு பதித்த இரும்பு ஏணி ஒன்றுதான். உள்ளே காகிதக் கட்டுகள் நனைந்து அப்பளமாய்ச் சுருண்டு கிடந்தன. வாட்ச்மேன் நாற்காலியை நிழலில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஒழுகலார் தலைக்கு மேல் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வெயிலை மறைத்துக்கொண்டு டிரோனைக் கிளப்பினார்.

அடடா, என்ன சுகம்! இடுப்பு வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, மாடி முழுக்க உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. தண்ணீர்த் தொட்டியின் காலடியில் ஒரு விரிசல் வாய் பிளந்திருப்பது தெரிந்தது. "மாட்டினியா!" என்று டிரோனைக் கிட்டே கொண்டுபோனார்.

வீடியோ கால் அலறியது. பதறி எடுத்தார். மாடி மறைந்தது. திரை நிறைய மனைவியின் மோவாய் வந்து நின்றது.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"கீழதாம்மா இருக்கேன்! வைம்மா, அப்புறம் பேசறேன்!"

"ஏன் இருட்டா இருக்கு? எங்க போய் நிக்கிறீங்க?"

"அட்டைப் பெட்டிக்குள்ள இருக்கேன்!"

இதை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? "காலைக் காட்டுங்க" என்றாள். "தரையில இருக்கற காலைக் காட்டுங்க, நான் பாக்கணும்."

மறுத்தால் மாடியில்தான் நிற்கிறார் என்று முடிவு கட்டிவிடுவாள். பெட்டியை உதறினார். போனோடு சேர்த்து ரிமோட்டைக் கவிழ்த்து, இடது காலையும் வலது காலையும் மாற்றி மாற்றிக் காட்டினார். கூடவே மண்ணையும் காட்டினார். அந்த மும்முரத்தில் இடது கட்டைவிரல் ரிமோட் குச்சியைக் கீழே அழுத்திக்கொண்டே இருந்தது. மேலே டிரோன் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கி, தொட்டியில் மோதி, கவிழ்ந்தது.

"சரி, வைக்கறேன்" என்று நிம்மதியாக வைத்தாள்.

திரையில் இப்போது வானம் செங்குத்தாக நின்றது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் 'கிளம்ப முடியாது' என்றே வந்தது.

"நீங்க கொஞ்சம் ஏறி எடுத்துத் தர முடியுமா?" என்று வாட்ச்மேனைக் கேட்டார்.

வாட்ச்மேன் தன் தொப்பையைத் தடவிப் பார்த்தார். "எனக்கு வாசல் கேட்டோட சரி சார்."

ஒழுகலார் ஏணியைப் பார்த்தார். இருபத்திரண்டு படி. ஏறி இறங்க மூன்று நிமிஷம், ஒரு ஈ காக்காவுக்குத் தெரியப்போவதில்லை. ஒரு காலை வைத்தார். கை தானாகக் கம்பியைப் பிடித்தது. வைத்த கால் அங்கேயே நின்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு வந்து நின்றவள் கண்ணுக்குள்ளேயே நின்றாள். காலை எடுத்துவிட்டுப் போனைப் போட்டார். நடந்ததை அப்படியே சொன்னார்.

"அங்கேயே நில்லுங்க. வரேன்" என்றாள்.

கால் மணியில் ஸ்கூட்டர் வந்தது. திட்டத்தான் வருகிறாள் என்று அவர் தலையைத் தொங்கப்போட்டுத் தயாராக நின்றார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் திணித்தாள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள், ஏணியில் ஏற ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்றே? இறங்கு! உனக்கென்ன பைத்தியமா?"

"என் போனால விழுந்தது, நான் எடுக்கறேன்" என்றாள், திரும்பாமல்.

ஐந்தாவது படி, பத்தாவது படி. கீழே ஒழுகலார் ஹெல்மெட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சுவரில் பதித்த ஏணியை ஆட்டம் காணாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டாவது படியில் அவள் கால் மறைந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

"இந்தா! கேக்குதா?" பதில் இல்லை.

போன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை போடும்போது விரல் தவறி வேறு யாருக்கோ போய், "சொல்லுங்க மாப்ளே" என்றார் வாளிக்கடை மச்சான். ஒழுகலார் பட்டென்று வைத்தார். இரண்டு தடவை எடுக்காததற்கே இப்படி என்றால் இவள் பதினொரு தடவை எப்படித் தாங்கினாள் என்று நினைத்தவுடன், வாட்ச்மேன் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

விளிம்பில் அவள் தலை தெரிந்தது. தோள்பையிலிருந்து டிரோனின் இறக்கை எட்டிப் பார்த்தது.

"போனை ஸ்கூட்டர்லயே வெச்சுட்டேன். அதுவா அடிச்சது?" என்றாள்.

"முதல்ல இறங்கித் தொலை!"

அவள் கடைசிப் படியை விட்டுத் தரையில் கால் வைக்கிறவரை அவர் ஏணியை விடவில்லை. இறங்கியவுடன் முழங்கையைப் பிடித்தவர் விடவும் இல்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கிண்டலுக்கு வாய் திறந்தவள், அதை விட்டுவிட்டுத் துப்பட்டா நுனியால் அவர் கன்னத்தைத் துடைத்தாள்.

"தப்பு என்மேலதான். சாயந்திரமே போய் அந்தத் திரை வெச்ச ரிமோட்டை வாங்கிடலாம். வேலை நேரத்துல நான் கூப்பிடவே மாட்டேன், போதுமா?"

"வேணாம்" என்றார் ஒழுகலார். "இதுவே இருக்கட்டும். நீ கூப்பிடு. நான் டிரோனை இறக்கி வெச்சிட்டு எடுக்கறேன்."