நின்ற மில்லின் சத்தம்

தீவனம் அரைக்கும் மில்லை நிறுத்திச் சற்று நேரம் ஆகியிருந்தது. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை, தண்டைத் தாங்கும் பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டார் ஃபிட்டர். நின்றுபோன இயந்திரத்துக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை.

அந்தத் தீவன ஆலையில் அவரை எல்லோரும் ‘காதண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலை கைமாறி, புது முதலாளி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபோது அவர் தப்பியது இந்தக் காதால்தான். ஓடுகிற மில்லில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டு, எந்தப் பேரிங் எப்போது போகும் என்று சொல்லிவிடுவார். “அடிப்படை வேலை கையில இருந்தா எவனும் நம்மள அசைக்க முடியாது, மாப்ள” என்று மச்சினனிடம் சொல்லாத நாளில்லை. அவனை அங்கே மில் ஓட்டுகிற வேலையில் சேர்த்துவிட்டதும் அவரேதான். இத்தனை வருடத்தில் காதில் ஒரு பஞ்சுகூட வைத்துக்கொண்டதில்லை. பஞ்சு வைத்தால் பேரிங் பேசுவது எப்படிக் கேட்கும்? பாவி மனுஷன், சோறு போட்ட காதை அந்த இரைச்சலுக்கே தின்னக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. “பக்கத்துல நின்னு கத்தினாலும் என்ன சொன்னேன்னு தெரியாமலே தலையத் தலைய ஆட்டுறீங்க. ஆபீஸ்ல சொல்லித் தொலைங்களேன்.”

“சொன்னா மறுநாளே கணக்கு முடிச்சிடுவான். அப்புறம் யார் வாசல்ல போய் நிக்கிறது?”

சமீபத்தில் இரண்டு முறை, விசில் கேட்கிறது என்று பேரிங்கை மாற்றச் சொல்லியிருந்தார். கழற்றிப் பார்த்தால் இரண்டும் புதுசு போல இருந்தன. “என்ன காதண்ணே, காதுல எறும்பு கிறும்பு பூந்துடுச்சா?” என்று சூப்பர்வைசர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. அந்த விசில் தன் காதுக்குள்ளிருந்தே வந்தது என்பது அவருக்கு இப்போதுதான் விளங்கியது.

இன்று மில்லை நிறுத்தியது மச்சினன். “மாமா, வலது பக்கம் கரகரன்னு ஏதோ கேக்குது” என்று ஓடிவந்து, அவர் காதருகே கத்திச் சொன்னான். போன வருடம் வேறொரு ஆலையில் இப்படித்தான் பேரிங் இறுகி, தண்டு முறிந்து, மில்லின் கதவு பிய்த்துக்கொண்டு வந்தது. முன்னால் நின்றவனுக்கு முழங்கைக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. மச்சினன் நிற்கிற இடமும் அதேதான்.

சூப்பர்வைசர் மில்லை ஓடவிட்டுக் கேட்கச் சொன்னார். காதண்ணன் கேட்டார். விசில். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதே விசில். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது வழக்கமான அதிர்வா, கெட்ட அதிர்வா என்று பிரிக்கத் தெரியவில்லை. மாற்றச் சொல்லி, இதுவும் நல்ல பேரிங்காக இருந்துவிட்டால் நாளைக்கே காது டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள். டாக்டர் சீட்டோடு வேலையும் போய்விடும்.

“வெளிய லாரி நிக்குது, காதண்ணே. ஓட்டலாமா, வேணாமா?” சூப்பர்வைசர் அவர் முகத்துக்கு நேரே வந்து கேட்டார்.

“ஓட்டலாம்.”

சொன்னது தன் குரல்தானா என்றுகூட அவருக்குச் சந்தேகமாக இருந்தது. சூப்பர்வைசர் போய்விட்டார். மச்சினன் நகரவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டி, பேரிங்கைக் காட்டி, புருவத்தை உயர்த்தினான். அவர் ஒன்றுமில்லை என்று கையை அசைத்தார். அவன் முகம் தெளிந்துவிட்டது. அக்கா புருஷன் சொன்னால் அவனுக்கு மறுபேச்சே கிடையாது. மூட்டையை இழுத்துக்கொண்டு மில்லின் கதவுக்கு முன்னால் போய் நின்றான்.

காதண்ணன் அங்கிருந்து போகவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பேரிங்கில் ஊன்றியபடியே அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். மக்காச்சோளத் தூசி பறந்தது. தூசிக்கு நடுவே மச்சினன் சட்டென்று திரும்பி ஏதோ கேட்டான். உதடு அசைந்தது. மறுபடியும் அசைந்தது.

அவர் தலையாட்டினார்.