கதவருகே நின்ற கட்டம் போட்ட சட்டை

மகள் கடற்படைப் பயிற்சிக்குப் போன பன்னிரண்டாம் நாள், அவள் உடுத்திக்கொண்டு போன உடைகள், அங்கே சீருடை கொடுத்துவிட்டதால், அட்டைப்பெட்டியில் வீடு திரும்பின. பதினான்காம் நாள் காலை ஏழே காலுக்கு அவை பெட்டியிலிருந்து எழுந்து, மேசைக்குப் போய், அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தன. நீலக் கட்டம் போட்ட சட்டை, கறுப்பு ஜீன்ஸ், வார் அறுந்து தைத்த செருப்பு. கழுத்துப்பட்டிக்கு மேலே ஒன்றும் இல்லை, கைப்பட்டிக்கு வெளியே ஒன்றும் இல்லை. ஆனால் சட்டையின் மார்பு மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது. அப்பா ஒரு தரம் பார்த்தார். “கிளம்புறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அம்மா தையற்காரி, அந்தச் சட்டையையும் அவள்தான் தைத்தாள். அப்பா லிப்ட் மெக்கானிக். மகள் ஒரே பிள்ளை, வயது பத்தொன்பது. கடலே இல்லாத அந்த ஊரில், ஒரு கிடங்கில் சரக்கு எண்ணும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டு, எழுத்திலும் ஓட்டத்திலும் தேறிய பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாள். நீச்சல் தெரியாதவளுக்குக் கப்பல் எதற்கு என்று அப்பா கேட்டார். கற்றுக்கொடுப்பார்கள் என்றாள். பேச்சு முற்றி, கடைசியில் அவர், “போறதுன்னா போ. நடுவுல திரும்பி வந்து இந்தக் கதவைத் தட்டாதே” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான்கு மாதம் அப்பனும் மகளும் பேசவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து, தண்ணீர்ச் செம்பை நகர்த்தச் சொல்வதற்குக்கூட அம்மாவைத் தூது விட்டார்கள். அவள் கிளம்பிய காலையில் அப்பா அவசரமாக ஒரு கட்டடத்துக்குப் போனார். அங்கே லிப்ட் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளின் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் அரை நிமிடம் பேச விட்டார்கள். அவர்கள் கொடுத்த அட்டையில் எழுதியிருந்ததை மகள் படித்தாள்: வந்து சேர்ந்துட்டேன், நல்லா இருக்கேன், அடுத்த போன் எப்பன்னு தெரியாது, வைக்கிறேன். அம்மா “சாப்...” என்று தொடங்குவதற்குள் லைன் போய்விட்டது. மிச்சத்தை மென்று விழுங்க முடியாமல் நான்கு நாள் திரிந்தாள். ஐந்தாம் நாள், ரவிக்கை தைக்கக் கொடுத்த ஒருத்தி, தன் அக்கா மகனும் கடற்படையில்தான் என்று சொல்லி, பெற்றோர்களுக்கான ஒரு போன் குழுவில் அவளைச் சேர்த்துவிட்டாள். குழுவின் பெயர் ‘கரையில் நிற்பவர்கள்’. நூற்று நாற்பத்தாறு வீடுகள். நடத்துபவர் வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள். மாத்திரைச் சீட்டு எழுதுவதுபோலச் சுருக்கமாக எழுதுவார்: வதந்தி கூடாது, கப்பல் பெயர் போடக் கூடாது, கடிதம் வராத வீட்டுக்கு, வந்த வீடு ஆறுதல் சொல்லலாம், பெருமை அடிக்கக் கூடாது.

பதினான்காம் நாள் காலை, பொங்கிய பாலைத் துடைக்காமலே அம்மா குழுவில் எழுதினாள்: ‘என் மகளோட சட்டை நாற்காலியில உட்கார்ந்திருக்கு. யாராவது பேசுங்க.’  அதை அவள் அழிக்கப் போனபோது பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. ‘எங்க வீட்லயும்.’ ‘எங்களுக்கு ஒன்பதாம் நாளே எழுந்துடுச்சு.’ இரட்டைப் பையன்களின் தாய், ‘எங்களுக்கு ரெண்டு. சோபாவுல எங்களுக்கு இடமே இல்ல’ என்று எழுதியிருந்தாள். கடைசியில் மருந்துக்கடை அம்மாள்: ‘பயப்படாதீங்க. துவைக்காதீங்க, மடிக்காதீங்க, பீரோவுல பூட்டாதீங்க. போன வருஷம் ஒருத்தர் துவைச்சுப் பிழிஞ்சுட்டார். பையன் ஆறு நாள் காய்ச்சல்ல கிடந்தான்.’

அந்த வாரங்களில் உடைகள் வீட்டில் நடந்துகொண்ட விதம் பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை. நூற்று நாற்பத்தாறு வீட்டார் தேதிவாரியாகக் குழுவில் எழுதியிருக்கிறார்கள். மகள் எழும் நேரத்துக்கு அவை எழுந்தன. அவள் அணிவகுக்கும்போது முன்னறைக்கும் சமையலறைக்கும் இடையே கை வீசி நடந்தன. தீயணைப்புப் பயிற்சி நாளில் சட்டையிலிருந்து டீசல் புகை நாறியது. தைக்கக் கொடுக்க வந்தவர்கள் அதை விளம்பரப் பொம்மை என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி அதே கட்டத்தில் தனக்கும் ஒன்று தைக்கச் சொல்லி அளவு கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் டேப்பை எடுத்து அளந்தாள். ஐந்தாம் ஞாயிறு தோள் அரை இஞ்ச் ஏறியிருந்தது, இடுப்பு இரண்டு விரல் இறங்கியிருந்தது. அப்பா அந்த நாற்காலிப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் வேலைக்குப் போகுமுன் மேசை விசிறியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போவார்.

நீச்சல் தேர்வு பற்றிக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். மூன்று ஆள் உயர மேடையிலிருந்து குளத்தில் குதித்து, ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பன்று உடைகள் முன்னறை நடுவில் ஒரு மணி நேரம் நடுங்கி நின்றன. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவள் குதிக்கவில்லை என்று அம்மாவுக்குப் புரிந்தது. இரண்டாம் வாய்ப்பன்று உடைகள் சட்டென்று நனைந்து தரையில் விழுந்தன, குளோரின் வாடை வீசியது, சட்டை குப்புறக் கிடந்து அரை மணி நேரம் இருமியது. அந்த வாரம் வந்த கடிதத்தில் மகள், நீச்சல் ஜாலியாக இருக்கிறது, வியாழக்கிழமை இன்னொரு தேர்வு இருக்கிறது, கவலைப்பட ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாள். கடிதத்தை அம்மா சட்டைக்கு எதிரே வைத்துப் படித்தாள். சட்டையின் தோள் தொங்கியிருந்தது.

ஏழாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை உடைகள் நாற்காலியை விட்டு எழுந்து, வாசல் கதவுக்குப் போய், வலக்கையைத் தாழ்ப்பாளின் மேல் வைத்துக்கொண்டு நின்றன. தாழ்ப்பாளை நகர்த்தும் பலம் துணிக்கு இல்லை. சற்று நேரம் கழித்துக் கதவைத் தட்டத் தொடங்கின.

இதன் பொருள் குழுவுக்குத் தெரியும். பயிற்சியை விட்டு விலகுகிறவர்கள் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; வீட்டுக்கு வர அவர்களுக்குத் தங்கள் சொந்த உடை வேண்டும். கதவைத் திறந்துவிட்டால் உடை போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். போன வருடம் பதினொரு வீடுகளில் அப்படி நடந்தது.

“திற” என்றார் அப்பா. சட்டை வீடு திரும்பிய நாளிலிருந்து அதைப் பற்றி அவர் பேசிய முதல் சொல் அது.

அம்மா கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். “திரும்பி வந்து தட்டாதேன்னு சொன்னது நீங்கதானே?”

“அவ எங்க வெளிய இருந்து தட்டுறா? உள்ள இருந்துல்ல தட்டுறா. திறடி, பிள்ள வந்துரட்டும்.”

“அரை இஞ்ச் தோள் அவளா ஏத்துனது. அதை இறக்க நாம யாரு?”

“அவ மூழ்கிட்டா உன் டேப்பை வச்சு என்ன பண்ணுவ?”

 அம்மா நகரவில்லை. அன்று அப்பா சமையலறைக் கதவு வழியாக வேலைக்குப் போனார். துணி வாங்க வந்தவர்களும் அந்த வழியாகத்தான் வந்தார்கள். தட்டும் சத்தம் நிற்கவில்லை. காற்றில் ஜன்னல் திரை அடிப்பது போன்ற மெல்லிய சத்தம்தான். ஆனால் அம்மா மெஷினை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அது கேட்டது.

குழு இரண்டாகப் பிரிந்தது. திறந்துவிடுங்கள், உயிருக்கு மேல் ஒன்றும் இல்லை என்றது ஒரு பாதி. பூட்டி வையுங்கள், பிள்ளை பிறகு நன்றி சொல்லும் என்றது மறு பாதி. பூட்டியவர் ஒருவர் குழுவிலேயே இருந்தார், லாரி ஓட்டுபவர். அவர் மகன் தேறி, கப்பலில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ‘நல்ல வேலை, நல்ல பேரு. ஒரு தடவைகூட லீவு கேட்டு வீட்டுக்கு வரல’ என்று மட்டும் எழுதினார். 

புதன்கிழமை மதியம் மருந்துக்கடை அம்மாள் நேராகவே அழைத்தார். பின்னால் மாத்திரை அட்டை கிழிக்கும் சத்தம் கேட்டது.

“குழுவுல சொல்லாததை உங்ககிட்ட சொல்றேன்மா. என் பையன் பயிற்சியை முடிக்கல.”

அம்மா மெஷினை நிறுத்தினாள்.

“எட்டாவது வாரம் கதவைத் தட்டுச்சு. நான் திறந்தது மட்டும் இல்ல, சட்டையைத் தெருமுனை வரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டேன். நாலாம் நாள் வந்துட்டான். இங்கதான் கடையில இருக்கான், நல்லா இருக்கான். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேக்குறான், ‘நானா வந்தேனா, நீ கூப்பிட்டியா?’ன்னு. எனக்குச் சொல்லத் தெரியல.”

“அப்ப பூட்டணும்னு சொல்றீங்களா?”

“பூட்டுனவர் என்ன எழுதினார்னு பார்த்தீங்கல்ல? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தெரியாதுங்கறதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

சாயங்காலம் அம்மா இதை அப்படியே கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்தும் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிப்டின் கதவைத் திறந்து, உள்ளே இருப்பவரைக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் முதல் பாடம்; அப்படி இழுத்துத்தான் ஆட்கள் இடுக்கில் விழுகிறார்கள். உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூண்டைத் தளத்துக்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், விலகி நிற்க வேண்டும். வெளியே கால் வைப்பது அவர்கள் பாடு. இருபத்தாறு வருடமாக முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் செய்ததைத் தன் பிள்ளைக்குச் செய்யவில்லை என்பது அவருக்கு அந்தக் காலையில்தான் உறைத்தது. கதவருகே ஒரு முக்காலியைப் போட்டு, சட்டைக்கு எதிரே உட்கார்ந்தார். ஆறு மாதப் பேச்சை ஒரே நாளில் பேச அவருக்கு வரவில்லை. வந்ததைச் சொன்னார்.

“பாப்பா. தட்டாதேன்னு சொன்னேன். அது தப்பு. எனக்கு நீச்சல் தெரியாது. நீ விழுந்தா குதிச்சுத் தூக்க முடியாதேன்னு பயம். அதை அப்படிச் சொல்லத் தெரியாம வேற மாதிரி சொல்லிட்டேன்.”

தட்டுவது நின்றது.

“இது உன் வீட்டுக் கதவு. வந்தா ஏன் வந்தேன்னு கேக்க மாட்டேன். இருந்தா ஏன் இருந்தேன்னும் கேக்க மாட்டேன்.”

எழுந்து தாழ்ப்பாளை நீக்கினார். இரண்டு கதவையும் அகலத் திறந்து, ஆடாதபடி செங்கல் வைத்தார். பிறகு மூன்று எட்டு பின்னால் போய்ச் சுவரோரமாக நின்றார். அம்மாவும் வந்து பக்கத்தில் நின்றாள். அப்போது மணி பத்தே கால். ‘கதவு திறந்திருக்கு’ என்று அவள் குழுவில் எழுதினாள். நூற்று நாற்பத்தைந்து வீடுகளில் ஒருவரும் எதுவும் எழுதவில்லை.

உடைகள் நிலைப்படிக்கு வந்தன. இடது செருப்பு வெளியே போனது, வலது உள்ளேயே நின்றது. தெருவில் சைக்கிள்கள் போயின, கேஸ் சிலிண்டர் வண்டி போயிற்று, ஒரு நாய் வந்து ஜீன்ஸை முகர்ந்துவிட்டுப் போயிற்று. பதினொன்றரை வரை அப்படியே. அம்மாவின் கை ஒரு தரம் சட்டையை நோக்கித் தானாக நீண்டது. அப்பா அதைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். பதினொன்று முப்பத்து நான்குக்குச் சட்டையின் இரண்டு கைகளும் மார்பின் மேல் குறுக்காக மடங்கின. கழுத்துப்பட்டி நிமிர்ந்தது. காற்றே இல்லாத வாசலில் உடைகள் ஒரு சாண் மேலே எழும்பி, திடுமென நனைந்து, தொப்பென்று நிலைப்படியில் விழுந்தன. தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடியது. சட்டையின் மார்பு அசையவில்லை.

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பத்து. இருபது. முப்பதில் அப்பா அவள் கையை நசுக்கியது அவளுக்கே தெரியவில்லை. நாற்பத்தொன்றில் சட்டை பலமாக ஒரு மூச்சை இழுத்தது. பிறகு கைகள் விரிந்தன. உடைகள் நிலைப்படி நீரின் மேல் மல்லாந்து, மெல்ல மேலும் கீழும் அசைந்தபடி கிடந்தன. ஐந்து நிமிடம் கிடந்தன. அதற்கு மேல் ஒரு நிமிடம் வேண்டுமென்றே கிடந்தன என்று அப்பா இன்றும் சாதிக்கிறார். அப்புறம் எழுந்து, சொட்டச் சொட்ட உள்ளே நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் கையை மடித்து அதன்மேல் சாய்ந்து தூங்கிப்போயின.

‘உட்கார்ந்துட்டா’ என்று அம்மா எழுதினாள். எழுத்துப் பிழையோடும் கண்ணீரோடும் நூறு பதில் வந்தன. லாரிக்காரர், தன் வாசல் கதவு திறந்திருப்பதைப் படம் எடுத்துப் போட்டார். மருந்துக்கடை அம்மாளின் பதில் மறுநாள்தான் வந்தது: ‘என் பையன்கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். குழுவுலயும் சொல்லிடும்மான்னான். அவன் முடிக்கல. நான்தான் கூப்பிட்டேன்.’

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு மூன்று நிமிடம் போன் கிடைத்தது. இந்தத் தடவை கையில் அட்டை இல்லை.

“அம்மா, விலகுற பேப்பர்ல கையெழுத்துப் போடப் பேனாகூட வாங்கிட்டேன். அன்னைக்குக் காலையில என்னமோ, எப்ப வேணாலும் வீட்டுக்குப் போகலாம்னு தோணுச்சு. அப்புறம் போகணும்னே தோணல. போய்க் குதிச்சுட்டேன்.”

அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். கேவலமாக இருக்கிறது என்று அவள் உண்மையைச் சொன்னாள். பிறகு, அப்பா இருக்காரா என்றாள். போன் கை மாறியபோது நாற்பது வினாடி மிச்சம் இருந்தது. அதில் பாதி மூச்சிலேயே போயிற்று.

“தண்ணி குளிரா இருந்துச்சா?” என்றார் அப்பா.

“ரொம்பப்பா.”

அவள் தேறினாள். சீருடையில் விடுப்புக்கு வந்தபோது, தன் நாற்காலியில் தன் சட்டை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வேறு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தோளில் பிரித்துத் தைத்துத் தரட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, வேண்டாம், அவள் அப்படியே இருக்கட்டும் என்றாள். விடுப்பு முடிந்து அவள் கப்பலுக்குப் போனாள். சட்டை வீட்டில் இருந்தது. மற்ற வீடுகளிலும் அப்படித்தான் என்று குழுவில் தெரிந்தது. மூன்று வருடம் கழித்துக் கணக்கெடுப்புக்கு வந்த அலுவலர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர் என்றார் அப்பா. நாங்கள் இரண்டு பேர், கப்பலில் ஒரு மகள், உள்ளே ஒரு மகள். அலுவலர் முன்னறையை எட்டிப் பார்த்தார். மேசை விசிறிக் காற்றில் கட்டம் போட்ட சட்டை உட்கார்ந்து, அம்மா கொடுத்த பட்டன்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தது. அவர் பிள்ளைகளின் வயதைக் கேட்டார். பெரியவளுக்கு இருபத்திரண்டு, சின்னவளுக்குப் பத்தொன்பது என்று அப்பா சொன்னார். அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.