பிரிக்காத பொட்டலங்கள்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பிரிக்க ஒரே ஒரு சட்டம்தான். வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு வருஷம் என் கணவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் காலையிலேயே ஜெனரேட்டர் படுத்துவிட்டது. எலக்ட்ரீஷியனான அவர் இல்லாமல் முடியுமா? அவர் திரும்பி வரச் சாயங்காலமாகிவிட்டது. அதற்குள் என் மகள் அழுது, தூங்கி, எழுந்து, மறுபடியும் அழுதிருந்தாள். அப்போதும் அப்பா ஒரு பொட்டலத்தைக்கூடத் தொட விடவில்லை.

அப்பா சீருடை தைக்கும் கடையில் தையல்காரர். வருஷம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நர்சுகளுக்கும் காவலாளிகளுக்கும் ஒரே மாதிரித் துணியைத் தைத்துத் தள்ளுவார். டிசம்பர் வந்தால் தனக்குப் பிடித்த துணியில் முழு பீஸ் ஒன்று எடுத்து, கடை மூடிய பிறகு அங்கேயே இருந்து எங்கள் எல்லாருக்கும் தைப்பார். அம்மாவுக்கு, எனக்கு, என் கணவருக்கு, மகளுக்கு, தம்பிக்கு, தனக்கு. எல்லாம் ஒரே துணி. அதைக் கடையின் பழுப்புத் தாளில் சுற்றி, வெட்டுத்துணி நாடாவால் கட்டி, துணியில் கோடு போடும் சாக்பீஸால் 'மகள்', 'மருமகன்', 'பேத்தி' என்று உறவை எழுதிவிடுவார். பிரிக்கிற வரைக்கும் அந்த வருஷத்துத் துணி என்னவென்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பிரித்ததும் அங்கேயே உடுத்திக்கொண்டு சாப்பிட உட்காருவோம். பேட்ஜ் ஒன்றுதான் குறைச்சல், மாமா, என்று என் கணவர் ஒருமுறை சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் மருமகன் சட்டைக்கு மட்டும் பேட்ஜ் குத்தத் தோதாகப் பெரிய பாக்கெட் வைத்திருந்தார்.

இந்தக் கதையில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் இருப்பது நாலு வருஷப் பொட்டலங்கள். ஒன்றையும் பிரிக்கவில்லை.

எல்லாம் தம்பியால் வந்தது. அல்லது அப்பாவால். நான் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டேன். தம்பி ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினான். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், முதல் கணவனை விட்டுப் பிரிந்தவள், மூன்று வயதில் பையன். இது நிலைக்காது என்று அப்பா சொன்னார். மாதக்கணக்கில் அதையேதான் சொன்னார். வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடச் சண்டைச் சத்தம் மாதிரிக் கேட்ட காலம் அது.

அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் தம்பி உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, சம்மதமா இல்லையா, இன்றைக்கே தெரிய வேண்டும் என்றான். அப்பா மரத்தடிப் பொட்டலங்களைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், முதலில் உட்கார் என்றார். தம்பி மறுபடி கேட்டான். அப்பா மறுபடியும் அதையே சொன்னார். என் வாழ்க்கையைவிட உங்களுக்குக் காகிதம் பிரிக்கிறது பெரிசாப் போச்சு என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். ஒரு மாதம் கழித்துப் பதிவுத் திருமணப் படம் ஒன்றை எனக்கு மட்டும் அனுப்பினான்.

அன்றைக்கு நாங்கள் பொட்டலங்களைப் பிரிக்கவில்லை. ஒருவர் குறைகிறாரே. அவனே வரட்டும் என்றார் அப்பா. புது வருஷம் பிறந்ததும் அம்மா அவற்றைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அடுத்த டிசம்பரில் எடுத்து மரத்தடியில் வைத்தாள், பக்கத்தில் அப்பா அந்த வருஷப் பொட்டலங்களை வைத்தார். இப்படியே போனது. எங்கள் பிளாஸ்டிக் மரம் இடுப்பு உயரம்தான். பொட்டலங்கள் அதைத் தாண்டி ஏறிவிட்டன. வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள், அடேயப்பா, எத்தனை பரிசு, கொடுத்துவைத்த குடும்பம் என்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே கேக்கை நீட்டுவாள்.

இரண்டு தெரு தள்ளி நாங்கள் இருக்கும் வீட்டில், இங்கே வருவதற்கு முன்பே மகளுக்கு வேறு பரிசு கொடுத்துவிடுவோம். அதைத் தாத்தா வீட்டில் சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். எட்டு வயதுப் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கியதுதான் கண்ட மிச்சம்.

முதல் வருஷம் நான் அழுதேன். அடுத்த வருஷம் எரிச்சல் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்கிய அன்று கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தது. ஆனாலும் ஒரே ஒரு விஷயம் வேண்டியிருந்தது. தம்பி ஒருமுறை இந்த வீட்டு வாசல்படி ஏறிவிட வேண்டும். அதற்காகத்தான் வருஷா வருஷம் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவனும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் அவன் அதையும் சொல்லவில்லை. பண்டிகைக்கு முதல் நாள், நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு ஃபிரேமின் காதுப்பக்கத்தை வளைத்துக்கொண்டிருந்தபோது போனில் கூப்பிட்டான். இனிமேல் வர மாட்டேன், அப்பாவிடம் சொல்லிவிடு, காத்திருக்க வேண்டாம் என்றான். அவளும் பையனும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். ம் என்றான். ஃபிரேம் அந்த ஆளின் காதை அழுத்தியது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி சூடுகாட்டி வளைத்தேன்.

மறுநாள் கோயிலில் இருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தோம். அப்பா வாசலைப் பார்த்த நாற்காலியில். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றார். அம்மா கேக்கை வெட்டி, மூடி, திறந்து, மறுபடி மூடினாள். என் கணவர் செய்தித்தாளில் விளம்பரங்களைக்கூட விடாமல் படித்து முடித்தார். வெளியே போய் விளையாடட்டுமா என்று மகள் என் காதில் கேட்டாள். பரிசு மலையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவளுக்கு அந்த வீட்டு மேஜை நாற்காலி மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அவன் வரமாட்டான்ப்பா. நேத்து என்கிட்ட சொல்லிட்டான். இனிமே வரவே மாட்டானாம்."

அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கேக் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். நான் நினைத்த இடி எதுவும் விழவில்லை. அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பிரிங்க," என்றார்.

சின்னவர்கள்தான் முதலில் பிரிக்க வேண்டும். மகளுக்கு நாலு பொட்டலங்கள். முதலாவதில் ஐந்து வயதுக் குழந்தைக்கான கவுன், கரும்பச்சையில் மெல்லிய வெள்ளைக் கோடு. அவள் அதைத் தலைவழியாகப் போட்டுப் பார்த்தாள், தோளில் நின்றுவிட்டது. நல்லா இருக்கு தாத்தா என்று துணிக்குள்ளிருந்து மரியாதையாகச் சொன்னாள். என் கணவர் அதே பச்சையில் மூன்று வருஷத்துக்கு முந்தைய சட்டையை மாட்டி, வயிற்றை எக்கி, ஒரு பட்டனைப் போட்டார். மூச்சு விட்டதும் அது தெறித்து மரத்தடியில் விழுந்தது. துணி நல்ல துணி மாப்பிள்ளை, சுருங்காது என்றார் அப்பா. அம்மா முதலில் சிரித்தாள், பிறகு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பது வாய் வலித்தபோதுதான் தெரிந்தது.

கடைசியில் 'சின்னவன்' என்று எழுதிய நாலு பொட்டலங்கள் மிஞ்சின. மற்றவற்றைவிடக் கனமாக இருந்தன. பரிசுக்கு உரியவர்தான் பிரிக்க வேண்டும். ஆனால் அன்றைக்குச் சட்டமெல்லாம் ஏற்கெனவே காற்றில் பறந்துபோயிருந்தது. அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். கரும்பச்சையில் தம்பி அளவுக்கு ஒரு சட்டை. அதற்குக் கீழே ஒரு பெண்ணுக்கான மேல்சட்டை. என்னுடையது இல்லை, அம்மாவுடையதும் இல்லை. இன்னும் ஒல்லியான யாருக்கோ. அதற்கும் கீழே, மடித்தால் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, மூன்று வயதுப் பையனுக்கு ஒரு சட்டை. அதே பச்சை, அதே கோடு.

இரண்டாம் பொட்டலத்திலும் மூன்று உருப்படி. நீலம். பையன் சட்டை ஒரு விரல்கடை பெரிதாகியிருந்தது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். நாலாவது, இந்த வருஷத்தது, செங்கல் நிறம். அப்பா அந்தப் பிள்ளையைத் துணியிலேயே வளர்த்திருந்தார்.

அம்மா நாலு சின்னச் சட்டைகளையும் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டாள். சண்டை ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே அப்பா அந்த மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். இல்லாத தலைவலிக்கு மாத்திரை வாங்க வரிசையில் நின்றிருக்கிறார். கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பையன் காலை ஆட்டிக்கொண்டிருந்தானாம். கண்ணாலேயே இருவருக்கும் அளவெடுத்துவிட்டார். அதற்கப்புறம் எல்லாம் குத்துமதிப்பு.

"சம்மதம்னு ஒரு வார்த்தை வாயால சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அம்மா.

"பிரிச்சாத் தெரியப்போறதை எதுக்கு வாயால சொல்லணும்? அதான் உட்காருன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகாவது போன் செய்து சொல்லியிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. ரோஷம் எங்கள் வீட்டில் அப்பாவின் கிறிஸ்துமஸ் துணியைப் போலத்தான், ஒரே பீஸில் வெட்டி எல்லாருக்கும் கிடைத்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்திருக்க வேண்டும். இல்லை. கீழே கிடந்த நாடாக்களைப் பொறுக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பாதான் முதலில் பேசினார். அவனுக்குப் போன் போடு, நான் பேச மாட்டேன், நீயே சொல்லு என்றார். "அப்படியே பையனுக்கு எந்தச் சட்டை சரியா இருக்கும்னு கேளு."

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன். பச்சை, நீலம், செங்கல் நிறம், மருந்துக்கடை வரிசை, எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கிய சாமானின் விவரம் சொல்வது போலத்தான் சொல்ல வந்தது.

"அவங்க என்கூட இல்லக்கா," என்றான். "ஒன்றரை வருஷமாச்சு. எங்களுக்குள்ள ஒத்து வரல. பையனைக் கூட்டிக்கிட்டு அவ அம்மா ஊருக்குப் போயிட்டா."

ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். இது நிலைக்காது என்று அப்பா சொன்னாரில்லையா, அவர் வாயால் சொன்னது பலித்துவிட்டது என்று ஆகிவிடுமே என்றான். அவள் போனதிலிருந்து நேற்றுவரை அதனால்தான் வரவில்லையாம்.

"இப்ப வாடா. தனியாவே வா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"மூணு மூணு சட்டையா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்னு சொல்ற. நான் மட்டும் எப்படிக்கா வந்து நிக்கிறது?"

அப்பாவிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். வைத்துவிட்டான். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. துணியை எடுத்து மேடையைத் துடைத்தேன், பிழிந்தேன், மறுபடி துடைத்தேன். துடைக்க ஒன்றுமில்லாமல் போன பிறகும் துடைத்தேன்.

கூடத்தில் அப்பா மேஜையைக் காலி செய்து நாலு சின்னச் சட்டைகளையும் வரிசையாகப் பரப்பியிருந்தார். கழுத்தில் அளவு நாடா. மூன்று வருஷமாக அவர் முதுகு அவ்வளவு நிமிர்ந்து நான் பார்க்கவில்லை. அம்மா அவசர அவசரமாகக் கேக்கைப் பெரிய டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், அவர்களுக்குக் கொடுத்தனுப்ப.

"என்ன சொன்னான்?"

இப்போது லீவு கிடைக்காதாம், பிறகு வருகிறானாம் என்றேன்.

"அது கிடக்கட்டும். எது சரியா இருக்குமாம்?"

"பெரிசுதான்ப்பா. கை மட்டும் கொஞ்சம் குட்டையா இருக்கும் போல. நல்லா வளர்ந்துட்டானாம்."

அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். வளர்ற பிள்ளைதானே, உள்ளே துணி விட்டுத்தான் மடித்திருக்கிறேன் என்று செங்கல் நிறச் சட்டையை எடுத்தார். பக்கத்தில் வரச் சொல்லி என் மகளுக்கு அதைப் போட்டுவிட்டார். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இவ உயரம் இருப்பானா?"

"கொஞ்சம் கம்மிப்பா."

மகளின் மணிக்கட்டுக்கு மேலே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு கத்தரியின் நுனியால் மடிப்புத் தையலை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். அடுத்த வருஷத்துக்குக் குத்துமதிப்பு வேண்டாம், பையனின் சரியான அளவை நீயே கேட்டு எழுதி வாங்கிவிடு என்றார் தலையைத் தூக்காமல். சரிப்பா என்றேன்.