தூக்காத விரல்

கில்ப்ராக் என்கிற சின்ன ஊரில் குடியை விட நினைப்பவர்களின் கூட்டம் வியாழக்கிழமை சாயந்திரம், தேவாலயத்துக்குப் பின்னால் நடக்கும். அது ஊருக்கே தெரியும். அங்கே யாருடைய கார் நிற்கிறது என்பதும் ஊருக்கே தெரியும். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ஃபின்டனின் கார் அங்கே நின்றால், மறுநாள் எந்த அம்மா தன் பிள்ளையை அவன் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள்?

அதனால் அவன் மலைக்கு அந்தப் பக்கம், பாலின்ரோவில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்தான். முதல் நாள் உள்ளே போகத் தைரியமில்லாமல் கூட்டம் நடக்கும் மண்டபத்தையே காரில் சுற்றிக்கொண்டிருந்தான். டீ போடும் டோனல், பழைய மீன்பிடிப் படகுக்காரர், வாசலுக்கு வந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்படியே சுத்துனா பெட்ரோல்தான் தீரும். உள்ள வா, டீ ஆறுது."

போனான். பேசினான், அழுதான், பிஸ்கட் தின்றான், அடுத்த வாரமும் போனான். அங்கே ஒரு விஷயத்தில் எல்லோரும் கறார்: இங்கே யாரைப் பார்த்தாயோ, அவரைப் பார்த்ததாக வெளியே சொல்லக் கூடாது. ஃபின்டன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அது அவனுக்கு ரொம்ப வசதியாகவும் இருந்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய், நல்ல மழை. மண்டபத்து வாசலில் காரைத் திருப்பினான். எதிரே நின்ற நீல வேனில் அவனுடைய ஹெட்லைட் விழுந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாலக்கி உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டு மாலக்கி. இத்தனை வருஷம் ஒரே பாரில், ஒரே மூலையில், ஃபின்டனோடு சேர்ந்து குடித்தவன்.

அந்தப் பக்கத்துச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கியாக வேண்டும். முன்பின் தெரியாதவனுக்கும் தூக்குவார்கள். வேலித் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்களும், கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒருவருக்கொருவர் தூக்கியிருக்கிறார்கள்.

மாலக்கியின் விரல் எழுந்தது.

ஃபின்டனின் விரல் எழவில்லை. பாவம், யாரும் பார்க்கக் கூடாதென்றுதானே அவனும் இவ்வளவு தூரம் வந்திருப்பான், நாம் பார்க்காத மாதிரி இருந்துவிடுவோம் என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்ததாக ரொம்ப நாள் நம்பவும் செய்தான். கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே காரை உள்ளே விட்டான். பின்னால் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்போது நெஞ்சுக்குள் வந்தது நிம்மதி. பிற்பாடு அவனை அரித்ததும் அந்த நிம்மதிதான்.

குளிர்காலம் முழுக்க மாலக்கி பாரிலேயே கிடந்தான். பிப்ரவரியில் வேன் பள்ளத்தில் விழுந்தது. உயிர் தப்பினான், லைசென்ஸ் போனது. அதற்குப் பிறகு ஒருநாள், அவன் மனைவி அஸும்ப்டா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டே சுவருக்கு மேல் எட்டிப் பேசினாள்.

"ஒரே ஒரு தடவை போனான் ஃபின்டன், பாலின்ரோவுக்கு. சட்டையை அவனே அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டுப் போனான். போன வேகத்துல திரும்பி வந்துட்டான். என்னடான்னு கேட்டா, ஃபின்டனே எனக்கு விரல் தூக்கல, நான் அந்த அளவுக்கு ஆயிட்டேன் அஸும்ப்டா, அப்படிங்கறான்."

அவள் குரலில் கோபம் இல்லை. கையிலிருந்த தலையணை உறையை அவள் உதறி மாட்டி முடிக்கும்வரை ஃபின்டன் அங்கேயே நின்றான்.

அன்றைக்கே மாலக்கியைப் பார்க்கப் போனான். மாலக்கி டிவியை அணைக்கவில்லை.

"உனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன்டா," என்றான் ஃபின்டன்.

"நான் அங்க அரை மணி நேரமா உக்காந்திருந்தேன். உள்ள போக கால் வரல. உன் மூஞ்சியப் பாத்ததும் அப்பாடா, நம்மாளு ஒருத்தன் இருக்கான்னு நெனச்சேன்." மாலக்கி டிவியையே பார்த்தான். "சங்கடம் யாருக்குடா? எனக்கா?"

ஃபின்டனுக்குப் பதில் தெரியும். செவ்வாய்க்கிழமை என் காரிலேயே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொன்னான்.

"வேண்டாம்ப்பா. என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் போனா உன் பேரு கெட்டுரும். பஸ் டிரைவர் வேற."

செவ்வாய்தோறும் ஃபின்டன் அந்த வீட்டு வாசலில் ஹாரன் அடித்துப் பார்த்தான். கதவு திறக்கவில்லை. மாலக்கி நடந்து போகக்கூடிய கூட்டம் ஒன்றுதான் இருந்தது, ஊரிலேயே நடக்கும் வியாழக்கிழமைக் கூட்டம்.

ஒரு வியாழக்கிழமை ஃபின்டன் காரைக் கில்ப்ராக் தேவாலயத்து வாசலில், தெருவிளக்குக்கு நேர் கீழே நிறுத்தினான். எதிர்க் கடையிலிருந்து வெளியே வந்த பெண் ஒருத்தி, அவன் பஸ்ஸில் வரும் இரட்டையர்களின் அம்மா, காரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். தலையாட்டிவிட்டு அவன் சாலையைக் கடந்தான். பாரின் கண்ணாடிக்குப் பின்னால், அந்தப் பழைய மூலையில், மாலக்கி தனியாக உட்கார்ந்திருந்தான்.

ஃபின்டன் பாரின் ஜன்னல் முன் நின்று விரலைத் தூக்கினான். ஸ்டியரிங் இல்லாமல் அது கிறுக்குத்தனமாக இருந்தது. இருந்தும் இறக்கவில்லை. தேவாலயத்தின் பின்பக்கத்தைத் தலையால் காட்டினான்.

மாலக்கி ரொம்ப நேரம் பார்த்தான். கை கண்ணாடித் தம்ளரை விடவே இல்லை. கடைசியில் அந்தக் கையிலிருந்து ஒரு விரல் மட்டும், தம்ளரை விட்டு மெல்ல எழுந்தது. எழுந்து, திரும்பவும் தம்ளரிலேயே படிந்தது.

அன்றைக்கு அவ்வளவுதான். ஃபின்டன் கூட்டத்துக்குத் தனியாகத்தான் போனான். கதவை மட்டும் சாத்தவில்லை. குளிருது, சாத்துப்பா என்று யாரோ சொன்னார்கள். இன்னும் ஒரு ஆள் வரவேண்டியிருக்கிறது என்றான்.