ஆறு பெட்டிகளும் இரண்டு இருக்கைகளும்

‘ஓசி டிக்கெட்’ என்று யாராவது சொன்னாலே மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினோரு வருடமாக விமான நிலையத்தில், எடைப் பிரிவில் வேலை. எந்த விமானத்தில் எத்தனை ஆள், எத்தனை பெட்டி, எவ்வளவு எரிபொருள் என்று கூட்டிக் கழித்து, இவ்வளவுதான் ஏற்றலாம் என்று கையெழுத்துப் போடுகிறவள். அந்த வேலைக்குக் கம்பெனி கொடுக்கிற சலுகைதான் ஸ்டாண்ட்பை பாஸ். காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறி முடித்த பிறகு இடம் மிச்சம் இருந்தால் ஊழியரும் அவருடைய அப்பா அம்மாவும் ஏறிக்கொள்ளலாம். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். வாயை மூடிக்கொள்வது பேச்சுக்குச் சொன்னதல்ல, விதியிலேயே இருக்கிறது. கேட்டில் நின்று குரலை உயர்த்தினால் ஒரு வருடத்துக்குப் பாஸ் ரத்து. கூட வந்தவர் கத்தினாலும் தலை உருளுவது ஊழியருக்குத்தான்.

இதையெல்லாம் அவள் வீட்டில் சொல்லாமல் இல்லை. தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறாள்.

தங்கை சின்னவளுக்குக் கல்யாணம் ஒரு தீவில் என்று முடிவானது இரண்டு மாதத்துக்கு முன்னால். மாப்பிள்ளை வீட்டார் கடலோரத்தில் ஓர் ஓட்டலையே மொத்தமாகப் பேசிவிட்டார்கள். அன்று அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யார் யாருக்கு டிக்கெட் என்று எழுதினார். கல்லூரி ஆபீசில் முப்பது வருடம் சூப்பரிண்டெண்டாக இருந்தவர், எதையும் எழுதினால்தான் அவருக்கு நடந்த மாதிரி இருக்கும். தனக்கு ஒன்று, மூத்தவளின் தம்பிக்கு ஒன்று, தம்பி பெண்டாட்டிக்கு ஒன்று. எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

“அம்மாவுக்கு?” என்றாள் மூத்தவள்.

“அம்மாவும் நீயும் உன் பாஸ்ல வந்துருங்க. சும்மா கிடைக்கிறத விட்டுட்டு எதுக்குக் காச வாரி இறைக்கணும்?”

“அது நிச்சயம் கிடையாதுப்பா. இடம் இருந்தாத்தான் ஏத்துவாங்க.”

“நீ அங்கதான வேலை பாக்குற? உனக்கு இல்லாத இடமா?”

“அப்போ அம்மாவுக்கு நானே டிக்கெட் எடுத்துடறேன்.”

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “பொண்ணு காசுல பொண்டாட்டிய கூட்டிட்டுப் போற அளவுக்கு நான் கெட்டுப் போயிடல” என்றார். அடுப்படி வாசலில் நின்ற அம்மா, விட்டுவிடு என்று கண்ணைக் காட்டினாள். மூத்தவளும் விட்டுவிட்டாள். விட்டது தன் தப்பு என்பதும் அவளுக்குத் தெரியும், அதனால் அவளுடைய கோபத்தில் பாதி தன் மேலேயே இருந்தது.

சரி, மூன்று நாள் முன்னதாகவே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், அந்த நாட்களில் கூட்டம் குறைவு என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கும் தடை. “உங்கம்மா முன்னாடியே போயிட்டா என் மாத்திரைய யாரு எடுத்துக் குடுப்பா?” என்றார் அப்பா. கேலியாகச் சொல்லவில்லை. அவருடைய மாத்திரை, மூக்குக் கண்ணாடி, சாவி, பாஸ்புக் எல்லாமே அம்மாவின் பழுப்புக் கைப்பைக்குள்தான் இருக்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுவார், வேண்டியது கைக்கு வந்து சேரும். எது வேண்டும் என்று சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

சின்னவள் மாப்பிள்ளை வீட்டாரோடு முன்னாலேயே தீவுக்குப் போய்விட்டாள். ஆக, கல்யாணத்துக்கு முந்தின நாள், பகல் ஒன்றரை மணி விமானத்துக்கு மற்ற எல்லாரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். அதுதான் அன்றைக்குக் கடைசி விமானம். மறுநாள் விமானமும் அதே ஒன்றரைக்குத்தான், கல்யாணமோ காலை ஒன்பது மணிக்கு. படகில் போகலாமென்றால் பதினாறு மணி நேரம், அதுவும் விடிகாலையிலேயே கிளம்பிவிட்டது. இந்த விமானத்தில் இடம் கிடைக்காவிட்டால் அம்மா தன் கடைசிப் பெண்ணின் கல்யாணத்தைப் பார்க்கப்போவதில்லை. இந்தக் கணக்கை மூத்தவள் ஒரு வாரமாகத் தூக்கத்தில்கூடப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வந்து பார்த்தால், தம்பி தள்ளுவண்டியில் ஆறு பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நிற்கிறான்.

“என்னடா இது?”

“மேடைக்குக்கா. மணமக்கள் பேரு லைட் எழுத்துல. ஒவ்வொரு எழுத்தும் ஆளுயரம். அப்புறம் ஸ்டாண்டு, ஒயரு, துணிப்பூ. டிக்கெட்ல மிச்சமானதுலதான் அப்பா பண்ணச் சொன்னாரு.”

அந்த மிச்சம் தானும் அம்மாவும்தான் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. சின்ன விமானம், வெயில் நேரம், தீவில் ரன்வேயும் குட்டை, அதனால் பெட்டி எதுவும் கொண்டு வராதீர்கள் என்று அவள் நாலு தடவை சொல்லியிருந்தாள். “ஆறு பெட்டிக்கா ஒரு ப்ளேனு பறக்காமப் போயிடும்?” என்று தம்பி சிரித்தான். பெட்டிகளை அப்பா பேரில் போட்டு, கூடுதல் எடைக்குக் காசும் கட்டியாயிற்று. ஒவ்வொன்றும் முப்பத்தொரு கிலோ. எடை காட்டும் திரையைப் பார்த்து மூத்தவள் மனதுக்குள் கூட்டினாள், நூற்றெண்பத்தாறு.

கேட்டில் அவளுக்குத் தெரிந்த பெண்தான் பொறுப்பில் இருந்தாள். பயணிகள் ஏறத் தொடங்கும் நேரத்தில் எடைப் பிரிவிலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு அந்தப் பெண் மூத்தவளைத் தனியே அழைத்தாள். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட போனை இந்தப் பக்கத்துக்கு எத்தனையோ முறை போட்டவள் அவள்.

“அக்கா, சீட்டு நாலு காலியா இருக்கு. எடைதான் இல்ல. இந்த வெயிலுக்கு இனிமே ஒரு ஆளக்கூட ஏத்த முடியாதுங்கறாங்க.”

“ரெண்டு பேரு ஏறணும்னா எவ்வளவு குறையணும்?”

“நூத்தம்பது கிலோ.”

“எங்கப்பா பேர்ல ஆறு பெட்டி இருக்கு. நூத்தி எண்பத்தாறு.”

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. “அப்போ ஏன் யோசிக்கிறீங்க? அவரு கையெழுத்துப் போட்டாருன்னா இறக்கிடலாம். நாளைக்கு ப்ளேன்ல முதல்ல அதத்தான் ஏத்துவோம். காசு கட்டின பெட்டி, அவரு சொல்லாம நாங்க தொட முடியாது. பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள சொல்லணும்கா.”

மூத்தவள் அப்பாவிடம் போனாள். அவர் ஜன்னலோரம் நின்று விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் தம்பி. தம்பி பெண்டாட்டி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து போனில் மூழ்கியிருந்தாள். மூத்தவள் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். பெட்டிகள் இறங்கினால் அம்மாவும் நானும் ஏறலாம், இறங்காவிட்டால் முடியாது, அவ்வளவுதான்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தார் என்பதே அவளுக்கு ஆறவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

“மேடை மொட்டையா நிக்கும்கா” என்றான் தம்பி. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எவ்வளவு செஞ்சிருக்காங்க. நம்ம பங்குக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்.”

“அம்மா இல்லாம மேடை நிக்குமாடா?”

“அம்மா நாளைக்கு வந்துருவாங்கல்ல? சாயங்காலம் விருந்து இருக்கே.”

அப்பா தலையாட்டினார். “அதுவும் சரிதான். காலைல ஒரு அரை மணி நேர விஷயம். வீடியோ எடுக்கத்தான போறாங்க. இத்தன பேரு முன்னாடி நம்ம கௌரவம்னு ஒண்ணு இருக்கும்மா. நீ உள்ள போய்ப் பேசிப் பாரு. சொல்ற விதத்துல சொன்னா ஏத்துவாங்க.”

“சொல்ற விதத்துல சொன்னா வெயில் குறையுமாப்பா?”

“என்ன பேச்சு பேசுற?” அப்பாவின் குரல் ஏறியது. “பதினோரு வருஷமா இங்க குப்பை கொட்டுற, ரெண்டு சீட்டு வாங்க வக்கில்ல!”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டில் இருந்த பெண்ணும் பார்த்தாள், பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூத்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கேயே தொண்டை கிழியக் கத்த வேண்டும் போல இருந்தது. முப்பத்து நாலு வயதில், பதினோரு வருடச் சம்பளத்தில் பாதியை இந்த வீட்டுக்குக் கொட்டியவள், கழுத்தில் தொங்குகிற அட்டைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. ஆத்திரத்தை அடக்க அடக்க அவளுடைய குரல் இன்னும் தாழ்ந்தது.

“என்னை விடுங்க. நான் வரல. அம்மாவ மட்டும் ஏத்தறதுக்காவது மூணு பெட்டிய இறக்குங்க.”

“எந்த மூணு?” என்றான் தம்பி. “பாதி எழுத்து இல்லாம என்னன்னு படிப்பாங்க?”

அவனை ஓர் அறை விடலாமா என்று அவள் நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். சின்ன வயதில் விட்டிருக்கிறாள், அப்போது பலன் இருந்தது.

அம்மா இவர்கள் பேசுவது கேட்கிற தூரத்தில்தான், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. சின்னவள். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

“அம்மா, ஏறிட்டீங்களா? உனக்குக் கட்டில் என் ரூம்லயே போடச் சொல்லிட்டேன். இங்க எல்லாரும் அவங்க ஆளுங்களாவே இருக்காங்கம்மா. ஒரு மாதிரி இருக்கு. சீக்கிரம் வா.”

“ம்” என்றாள் அம்மா. “வரேன்.”

போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஒலிபெருக்கியில் கடைசி அழைப்பு வந்தது. தம்பி பெண்டாட்டி எழுந்து வரிசையில் போய் நின்றாள், தம்பி அவளுக்குப் பின்னால் போனான். அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “சரி, நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயி, நாளைக்குப் பத்திரமா வாங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வரிசையைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினார்.

பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் அந்தக் கைக்கு வர வேண்டும். வரவில்லை.

கையை ஒரு தடவை ஆட்டினார். அப்போதும் வரவில்லை. கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, எதற்கு நேரமாகிறது என்று பார்க்க அவர் திரும்பினார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. கைப்பையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“எடு, நேரமாச்சு.”

“பெட்டிய இறக்கச் சொல்லுங்க.”

“என்ன?”

“முதல்ல போயி பெட்டிய இறக்கச் சொல்லுங்க. அப்புறம் எடுக்கறேன்.”

“இங்க பாரு, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்.” அம்மாவின் குரல் உயரவே இல்லை. எந்த விதியிலும் அவளைப் பிடிக்க முடியாது. “நீங்க ஏறலன்னாலும் உங்க பெட்டி இறங்கிடும்ல? ஆள் இல்லாம பெட்டி போகாதுன்னு இவ எத்தன தடவ சொல்லியிருக்கா. அப்போ எங்க ரெண்டு பேருக்கும் இடம் வந்துரும். நீங்க வேணா உங்க பெட்டியோட நாளைக்குப் பத்திரமா வாங்க. அரை மணி நேர விஷயம்தான? வீடியோல பாத்துக்கலாம்.”

அப்பா கேட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி தன் கையிலிருந்த பாஸை எதற்கோ ஆராய்ந்துகொண்டிருந்தான். வரிசை கேட்டுக்குள் சுருங்கிக்கொண்டே போனது. கேட்டில் இருந்த பெண் ஒரு தாளையும் பேனாவையும் மேசை விளிம்பில் வைத்துவிட்டு, “சார், நாலு நிமிஷம் இருக்கு” என்றாள்.

அவர் நடந்து போய்த் தாளைப் பார்த்தார், அம்மா எழுந்து பின்னாலேயே வந்தாள். எழுத்து புலப்படவில்லை. வழக்கம்போலக் கையைப் பின்னால் நீட்டினார். இந்தத் தடவை மூக்குக் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஜன்னல் வழியே பார்த்தால், ஆறு பெட்டிகளும் ஒவ்வொன்றாக வெயிலில் இறங்கின. தம்பி அதைப் பார்த்துக்கொண்டு, ஏதோ உயிரையே இறக்குகிற மாதிரி நின்றான். மூத்தவளுக்கு அவன்மேல் துளிகூட இரக்கம் வரவில்லை. கேட்டில் இருந்த பெண் இரண்டு பாஸ்களை அச்சடித்து அவள் கையில் திணித்து, “ஓடுங்கக்கா” என்றாள். அப்பாவின் போர்டிங் பாஸை அம்மாவே எடுத்துக் கேட்டில் காட்டினாள்.

விமானத்துக்குள் அப்பாவின் இடம் முன்னால், அம்மாவுடையது கடைசி வரிசையில். அப்பாவின் வரிசை வந்ததும் அம்மா நின்றாள். ஜிப்பைத் திறந்து அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிறகு மாத்திரை டப்பா. கண்ணாடிக் கூடு. வீட்டுச் சாவி, பாஸ்புக், பல் குச்சி டப்பா, மடித்த கைக்குட்டை. பை தொளதொளவென்று ஆகும் வரைக்கும் எடுத்தாள்.

“இனிமே நீங்களே வச்சுக்குங்க” என்றாள். “எனக்கும் எடை தாங்கல.”

சொல்லிவிட்டுப் பின்னால் நடந்தாள். மூத்தவள் அவளுக்குப் பின்னாலேயே போனாள், கோபம் இன்னும் நெஞ்சிலேயே இருந்தது, ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அப்பா இரண்டு கை நிறையச் சாமான்களோடு இன்னும் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். எதை எந்தப் பையில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பணிப்பெண் இரண்டாவது தடவையாக, “சார், தயவுசெஞ்சு உக்காருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.