படிவத்தில் இல்லாத கேள்வி

தையலக்காவுக்கு வலது கன்னத்தில் வலி வந்து ஆறு வருடமாகிறது. பல்வலி என்று நினைத்து மூன்று பல்லைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான், பல் மேல் ஒரு பழியும் இல்லை, முகத்து நரம்பில்தான் கோளாறு என்று தெரிந்தது. காற்று பட்டாலே மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும். நிம்மதியாக ஒரு கொட்டாவி விட முடியாது. பேன்ட் நீளம் குறைக்கவும் ஜிப் மாற்றவும் அவள் தையல் கடைக்கு வருகிறவர்களிடம் தலையை மட்டும் ஆட்டுவாள். அவளை ஊமை என்றே நினைத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் உண்டு. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர், ஆறு கோடையாக வீட்டில் ஃபேன் போடாமல் வேர்வையில் ஊறித் தூங்கினார்.

இருக்கிற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை மருந்துக்கு ஆள் சேர்ப்பதாக டாக்டரம்மா சொன்னார். அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, வெறும் எண்தான். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு.

"எனக்கு எது?"

"எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்திடும்னு எங்ககிட்டயும் சொல்ல மாட்டாங்க."

பதினெட்டுப் பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். தினமும் இரண்டு காப்ஸ்யூல். வலி பத்துக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுத வேண்டும். எட்டு, எட்டு, ஏழு என்று போய்க்கொண்டிருந்தது ஒன்பதாம் நாள் பூஜ்யத்தில் வந்து நின்றது.

அன்று கணவர் பயந்து பயந்து ஃபேனை ஒன்றில் வைத்தார். பிறகு இரண்டில். அவள் ஒரு ஆப்பிளை எடுத்து வலது பக்கத்தால் கடித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு மனிதர் நின்ற இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதார். அவள் மென்றுகொண்டே பார்த்தாள். அவர் சட்டையில் இரண்டாவது பொத்தான் தொங்குகிறது, தைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம் அவள் தம்பி இறந்துபோனான். விளம்பரப் பலகைக்கு விளக்கு மாட்ட ஏறியவன் ஏணியோடு சரிந்துவிட்டான். இவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவன் மனைவி இவள் மடியில் விழுந்து கதறினாள். தையலக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி அழுகைக்குக் காத்திருந்தாள். வரவில்லை. அவன் மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரத் தையல் கோணலாக ஓடியிருந்தது. கண் அதிலேயே போய்ப் போய் நின்றது.

"அதிர்ச்சியில உறைஞ்சு போயிட்டா," என்றார்கள் உறவுக்காரர்கள். உறையவில்லை என்று அவளுக்குத் தெரியும். உறைவதற்கு உள்ளே எதுவுமே இல்லை.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்து வழக்கமான கேள்விகளை வாசித்தாள்.

"தலைசுத்தல்?"

"இல்ல."

"வாந்தி?"

"இல்ல."

"மனநிலையில மாற்றம் ஏதாவது?"

சொன்னால் நிறுத்திவிடுவார்கள். "இல்ல," என்றாள்.

வெளியே பெஞ்சில், அதே மருந்துக்கு வருகிற ஓய்வுபெற்ற லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டே வருவார். இப்போது கை சும்மா இருந்தது.

"தங்கச்சி, போன வாரம் என் வீட்டுக்காரி மாடிப்படியில விழுந்துட்டா. கத்துறா. நான் டீ குடிச்சிட்டு இருந்தேன். மிச்சத்தையும் குடிச்சு, டம்ளரைக் கழுவி வச்சிட்டுத்தான் போய்ப் பார்த்தேன்." மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "கால் எலும்பு ரெண்டா போச்சு."

"உள்ள சொன்னீங்களா அண்ணே?"

"சொன்னா மருந்தைப் பிடுங்கிக்க மாட்டாங்களா? நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"இல்ல."

இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு இளம்பெண், கையில் இதே நீல மூடி மருந்து டப்பாவோடு, முறை வருவதற்காக நின்றிருந்தாள். அவளுடைய இரண்டு வயதுப் பிள்ளை கனமான கதவின் கீல் இடுக்கில் விரலை விட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தள்ளினார்கள். தாய் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். தையலக்காதான் போய்ப் பிள்ளையை இழுத்தாள். "தேங்க்ஸ்," என்றாள் அந்தப் பெண். அந்த முகம் தையலக்காவுக்குப் பழக்கமானது. தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை, கை நடுங்கவில்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடம் இது என்பது மட்டும் தெரிந்தது. பிடிக்காத துணியையும் அளந்துதானே வெட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனாள்.

"நான் பொய் சொல்லிட்டேம்மா. என் தம்பி செத்துப்போனான். எனக்கு ஒண்ணுமே ஆகல," என்றாள்.

நர்ஸ் எழுந்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒன்றுவிடாமல் கேட்டார். அந்த வாரமே சோதனையில் இருந்த முப்பத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். பதினோரு பேர், 'ஆமாம், நானும் சொல்லவில்லை' என்றார்கள். சோதனை நின்றது.

"வலியை அடைக்கிற மருந்து மூளைக்குள்ள போய் வேற எதையோ சேர்த்து அடைச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "எலிக்கு வலி போச்சான்னு அளந்தோம். பாசம் போச்சான்னு யாரும் பார்க்கல."

பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஆறாம் நாளே வலி திரும்பிவிட்டது. அவள் கன்னத்தைப் பிடித்ததைப் பார்த்த கணவர் போய் ஃபேனை அணைத்தார்.

டிரைவர் ஃபோன் செய்தார். "நல்லா இருந்தோமே! இப்படி என் வாயில மண்ணைப் போட்டுட்டீங்களே!"

"கோபம் வருதாண்ணே?"

"பின்ன வராதா?"

"அப்ப சரி. அண்ணி கால் எப்படி இருக்கு?"

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. யார் வைத்தார்கள் என்று தெரியாமல் ஃபோன் நின்றது.

அவளுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் திரும்பவில்லை. ஒவ்வொரு உடம்பும் ஒரு மாதிரி, பொறுத்திருங்கள் என்றார் டாக்டரம்மா. மூன்றாவது வாரம் தம்பி வீட்டுக்குப் போனாள். சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. தம்பி மனைவி ஈரத் துணிகளை உதறிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் அழல. நீ கவனிச்சிருப்ப."

"கவனிச்சேன் அண்ணி. கவனிச்சு, உங்களை வெறுத்தேன்."

தையலக்கா மருந்தைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கன்னத்தில் வலி வெட்டியது. நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தாள். தம்பி மனைவி கையிலிருந்த சட்டையைப் பிழிந்தாள், அதில் பிழிய ஒன்றுமில்லை.

"இப்ப அழுகை வருதா?"

"இன்னும் இல்ல."

"வர்றப்ப இங்க வாங்க. வீட்ல தனியா உட்கார்ந்து அழுதுடாதீங்க. எனக்கும் கூட ஆள் இல்ல."

"சரி," என்றாள் தையலக்கா. வாளியில் இன்னும் நாலைந்து துணி கிடந்தது. அதில் ஒன்றை எடுத்து, உதறி, கொடியில் போட்டாள்.