கந்தகிக்கு என்ன வேணும்?

பதினொரு வருஷமாக ஒரு மாதப் படக்கதை இதழில் அவள் கந்தகியை வரைந்துவந்தாள். மஞ்சள் புகையை விட்டு ஊரையே மண்டியிட வைக்கும் வில்லி கந்தகி. மாதாமாதம் உருக்கு வீரனிடம் தோற்பாள். அடுத்த மாதமே சிறையை உடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். முழங்கைவரை கறுப்பு மையோடு திரியும் இந்த ஓவியக்காரிக்கு அலுவலகத்தில் 'மைக்காரி' என்றே பெயர்.

ஒரு திங்கட்கிழமை இதழின் ஆசிரியர் புதிய கதைத்தாளை அவள் மேசையில் வைத்தார். கந்தகியின் கடைசிக் கதை. முடிவில் முகமூடி கழன்று, வீரனின் மடியில் அழுதுகொண்டே சாகிறாள். "நீ என்னை ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா நான் இப்படி ஆகியிருப்பேனா?" என்பது வசனம்.

"இது என்ன சார் புதுசா காதல்?"

"பொம்பளை கெட்டுப்போனா பின்னாடி ஒரு காரணம் வேணும்ல? இல்லன்னா எவன் நம்புவான்?"

"போன வருஷம் எலும்பன் ஊரைப் பிடிக்க வந்தானே, அவன் யாரைக் காதலிச்சான்னு யாருமே கேக்கலியே."

"அவன் ஆம்பளைம்மா. அவனுக்கு ஆசை, அவ்வளவுதான். நீ வரைஞ்சு குடு. அப்படியே இடுப்பைக் கொஞ்சம் ஒடுக்கு."

வீட்டில் அக்கா நகத்திடுக்கில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அவளுக்கு என்னதான்டி வேணும்?" என்றாள்.

"ஊரு வேணும். தன்னால ஆள முடியும்னு அவளுக்குத் தெரியும்."

அக்கா சிரித்தாள். "நான் போர்மேன் வேலை கேட்டப்ப மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? 'வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?'ன்னார்."

மைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையை எடுத்து உட்கார்ந்தாள்.

மூன்று நாள் வரைந்தாள். கடைசிப் பக்கத்தில் கந்தகி தோற்கத்தான் செய்தாள், ஆனால் யார் மடியிலும் விழவில்லை. கையில் விலங்கோடு நிமிர்ந்து நின்று, முகமூடியைத் தானே கழற்றினாள். நாற்பது வயது முகம், கன்னத்தில் அமிலத் தழும்பு, கண்ணில் பொட்டு ஈரம் இல்லை. ஆசிரியரின் அழுகை வசனத்தை இதில் எழுதிவிட்டால் படம் வீணாகிவிடும் என்று மைக்காரிக்குத் தெரியும். அதனால் முகத்தைச் சுற்றிப் புகையைக் கறுப்பு மையால் விளிம்புவரை நிரப்பினாள். வசனத்துக்கென்று மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளை விட்டாள்.

வியாழக்கிழமை மதியம், அச்சகத்து வண்டி வாசலில் நிற்க, ஆசிரியர் பக்கத்தைப் பார்த்துக் கொதித்தார். "என்ன திமிரு! ஏய்யா, வசனத்தை எழுதிடு."

வசனம் எழுதுபவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இந்த இடத்துல மூணு வார்த்தைக்கு மேல நிக்காது சார்."

"மூணு வார்த்தைல என்னத்தைச் சொல்றது?"

"'ஊர் எனக்கு வேணும்'னு எழுதுங்க," என்றாள் மைக்காரி.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஆசிரியர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனார். வசனக்காரர் அந்த மூன்று வார்த்தைகளை எழுதி மை காய ஊதினார்.

தண்டனை கிடைத்தது. இரண்டு மாதம் அவளுக்குப் பின்னணிக் கட்டடங்கள் மட்டும்தான். ஜன்னல் ஜன்னலாக வரைந்தாள். ஒரு ஜன்னல்கூடக் கோணவில்லை. இதற்குள் இதழ் வெளிவந்து, வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. திட்டியவர்களும் உண்டு. ஆனால் பாதிக்குமேல் ஒரே கேள்வி: கந்தகி எப்போது வெளியே வருவாள்?

ஆசிரியர் கூப்பிட்டார். "சரிம்மா, அவளை வெளிய கொண்டுவா. கதைத்தாள் நாளைக்குத் தர்றேன்."

"வேண்டாம் சார். கதையும் நானே எழுதுறேன். அட்டையில என் பேரும் வரணும்."

"அதெல்லாம் யோசிச்சுத்தான் சொல்லணும்."

"யோசிங்க சார்."

அவர் தாள்களைப் புரட்டினார், தொலைபேசியில் இரண்டு பேரிடம் பேசினார், தேநீரைக் குடித்து முடித்தார். அவள் நகரவில்லை. கடைசியில் அவர் தலையைத் தூக்கி, "இன்னும் நிக்கிறியா?" என்றார்.

"நீங்க இன்னும் சொல்லலியே."

ஆசிரியர் பெருமூச்சு விட்டார். "முதல் பக்கத்துல என்ன நடக்குது, சொல்லு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் சொல்லத் தொடங்கினாள்.